ஜூடி சில்: தாமதமாக வந்த சாட்சி

ஒரு பியானோ, ஒரு பெண் குரல். அமெரிக்கப் பாடகி ஜூடி சில்லின் 'தி கிஸ்' பாடலுக்கு ஆல்பத்துக்கு முன் மாதிரியாகச் செய்த டெமோ பதிவில் வேறெதுவும் கிடையாது. குரலை நடுங்கவிட்டு உருக வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ஸ்வரத்தை நேராகப் பிடிக்கிறார், அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைக்கிறார், அடுத்த அடிக்கு நகர்கிறார். 1973-ல் வெளிவந்த 'ஹார்ட் ஃபுட்' ஆல்பத்தில் இதே பாடலைக் கேட்டால், பியானோவுக்குப் பின்னால் தந்தி வாத்தியங்கள் மெல்ல எழுந்து கூடத்தையே நிறைக்கின்றன. அவர் குரலே பல அடுக்குகளாகப் பெருகி வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒன்று புரியும். ஆல்பத்தில் வயலின்கள் எழும் இடமெல்லாம் டெமோவில் பியானோ ஏற்கெனவே எழுந்து காட்டிய இடம்தான். ஸ்டூடியோவுக்குள் நுழைவதற்கு முன்பே கட்டடத்தின் வரைபடம் அவர் கைவிரல்களில் முழுமையாக இருந்திருக்கிறது. வாத்தியக்காரர்கள் வந்து அந்த வரைபடத்தின்படி கல் அடுக்கினார்கள்.

பழைய ஆல்பங்களை டெமோ, மேடைப் பதிவு, வெளியிடாமல் ஒதுக்கிய பாடல் என்று கூடுதல் பதிவுகளோடு சிடியாக மறுபடி வெளியிடுவது இசை வணிகத்தில் நெடுநாள் வழக்கம். பழைய சரக்குக்குப் புது உறை என்று அதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. பல ஆல்பங்களைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியும்கூட. ஆனால் ஜூடி சில் விஷயத்தில் அந்தக் கூடுதல் பதிவுகள் சாட்சி சொல்லியிருக்கின்றன. அவரைப் பற்றிச் சொல்லப்பட்டுவந்த கதை பாதிதான் உண்மை என்று நிறுவியிருக்கின்றன. விரிவாக்கப்பட்ட மறுவெளியீடு என்பது எப்போது நியாயம், எப்போது அநியாயம் என்று அளந்து பார்க்க இதைவிட நல்ல உரைகல் இல்லை.

பாடலை விழுங்கிய வாழ்க்கை

அவரைப் பற்றிய கதை அப்படிப்பட்டது. கேட்டவர் மறக்க முடியாது. 1944 அக்டோபர் 7 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார். தந்தை மதுக்கடை நடத்தியவர். அங்கே இருந்த பியானோவில்தான் சிறுமி வாசிக்கக் கற்றாள். தந்தை சீக்கிரமே இறந்துபோனார். தாய் மறுமணம் செய்துகொண்ட கென்னத் மியூஸ், 'டாம் அண்ட் ஜெர்ரி' கார்ட்டூன்களில் பணியாற்றிய ஓவியர். அந்த வீட்டில் ஜூடிக்கு நிம்மதி இல்லை. பதின்வயதில் ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்த வழக்குகளில் சிக்கிச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பிறகு ஹெராயின் பழக்கம், காசோலை மோசடி, சிறை. அதிலிருந்து மீண்டு பாடல் எழுத வந்தார். 1969-ல் டர்ட்டில்ஸ் குழு அவருடைய 'லேடி-ஓ'வைப் பாடியது. 1971-லும் 1973-லும் இரண்டு ஆல்பங்கள். இரண்டும் விற்கவில்லை. விபத்துகள், முதுகு வலி, மீண்டும் போதை. 1979 நவம்பர் 23 அன்று, 35 வயதில், அளவுக்கு மீறிய போதை மருந்தால் இறந்தார். அன்றைய இசை உலகம் அந்தச் சாவை ஏறக்குறைய கவனிக்கவே இல்லை.

இதைப் படித்துவிட்டுப் பாடலைக் கேட்பவர் எதைக் கேட்பார்? துயரத்தைத்தான் கேட்பார். ஒவ்வொரு வரியிலும் சிறையையும் ஊசியையும் தேடுவார். ஜூடி சில்லின் பாடல்களோ அந்தத் தேடலுக்கு ஒத்துழைப்பதில்லை. அவற்றில் தேவதைகளும் கவ்பாய்களும் ஆட்டுக்குட்டியும் மணவாளனும் வருகிறார்கள். தன் மீது செல்வாக்குச் செலுத்தியவர்கள் என்று பாக், பித்தகோரஸ், ரே சார்ல்ஸ் ஆகிய மூவரை அவர் சேர்த்துச் சொல்வதுண்டு. ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசை மேதை. ஒருவர் எண்களுக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஆராய்ந்த கிரேக்கர். ஒருவர் தேவாலயப் பாட்டின் சூட்டை மேடைப் பாட்டுக்குக் கொண்டுவந்த கறுப்பினப் பாடகர். இது தன்னிரக்கத்தில் மூழ்கியவரின் பட்டியலாகத் தெரியவில்லை. தன் தொழிலின் கணக்கைத் தெளிவாக வைத்திருந்தவரின் பட்டியல்.

சீர்திருத்தப் பள்ளியில்தான் அவர் தேவாலய ஆர்கன் வாசித்தார். அவர் இசையில் காஸ்பல் என்னும் தேவாலயப் பாட்டு வந்து அமர்ந்தது அங்கிருந்துதான். வாழ்க்கைக் கதையை எழுதுகிறவர்கள் அந்தப் பள்ளியைக் குற்றத்தின் அத்தியாயமாக எழுதுகிறார்கள். இசையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுதான் அவருடைய குருகுலம்.

இருபது பாடல்கள்

உயிரோடிருந்தபோது அவர் பெயரில் வெளிவந்தவை இரண்டே ஆல்பங்கள். முதலாவதில் 11 பாடல்கள், இரண்டாவதில் 9. டேவிட் கெஃபன் தொடங்கிய அசைலம் நிறுவனத்தின் முதல் வெளியீடே 1971-ல் வந்த 'ஜூடி சில்' ஆல்பம்தான். பின்னால் ஜாக்சன் பிரௌன், ஈகிள்ஸ், ஜோனி மிட்சல், டாம் வெய்ட்ஸ் என்று பெரும் பெயர்கள் அந்த நிறுவனத்துக்கு வந்தன. அந்த வரிசையின் தலைவாசலில் நின்றவர் ஜூடி.

முதல் ஆல்பத்தில் 'ஜீசஸ் வாஸ் எ கிராஸ் மேக்கர்' பாடலைப் பாடகர் கிரஹாம் நாஷ் தயாரித்தார். தச்சரான இயேசு ரோமானியருக்குச் சிலுவை செய்து கொடுப்பதாக கிரேக்க எழுத்தாளர் கசான்ட்சாகிஸ் தன் நாவலில் கற்பனை செய்திருந்தார். ஜூடி அந்தப் படிமத்தை எடுத்து, தன்னைக் கைவிட்டுப் போன காதலனின் மேல் பொருத்தினார். வசைபாடும் பாட்டாக முடிந்திருக்க வேண்டியது மன்னிக்கும் பாட்டாகத் திரும்பியது. காஸ் எலியட்டும் ஹாலீஸ் குழுவும் அடுத்த ஆண்டே அதைத் தங்கள் ஆல்பங்களில் பாடினார்கள். 'தி ஆர்க்கிடைப்பல் மேன்' பாடலில் நாட்டுப்புறச் சாயலோடு போய்க்கொண்டிருக்கும் மெட்டு நடுவில் சொற்களை உதறிவிட்டு, பாக்கின் இசையைப் போல ஒன்றையொன்று துரத்தும் குரல்களாக மாறுகிறது. தன் பாணிக்கு அவர் வைத்த பெயரிலேயே நாட்டுப்புற கன்ட்ரியும் பாக் காலத்துப் பரோக்கும் சேர்ந்திருந்தன.

இரண்டாவது ஆல்பத்தில் வாத்தியக் கோவையையும் அவரே எழுதினார். வாத்தியக் குழுவை அவரே நடத்தினார். அந்நாளில் தன் பாட்டைத் தானே எழுதிப் பாடியவர்கள் பலர். தந்தி வாத்தியக்காரர்களுக்கு நோட்டு எழுதிக் கொடுத்து, கையில் கோலோடு அவர்கள் முன் நின்றவர்கள் மிகச் சிலர். அந்த ஆல்பத்தின் கடைசிப் பாடல் 'தி டோனர்' எட்டு நிமிடம் நீள்கிறது. அதில் அவர் குரல் தன்மேல் தானே அடுக்கி ஒரு பாடகர் குழுவாகி, 'கீரியே எலேய்சோன்' என்ற பழைய கிரேக்க மன்றாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது. நம் ஊர்க் கத்தோலிக்கத் திருப்பலியில் 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்று மக்கள் சேர்ந்து சொல்வது இதே மன்றாட்டைத்தான். ஊரே கூடிச் சொல்ல வேண்டியதை ஒரே பெண் தன் குரலைப் பெருக்கிக்கொண்டு சொல்கிறாள்.

கூடுதல் பதிவுகள் சொல்வது

எல்.பி. ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 நிமிட இசைதான் நன்றாக அடங்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 40. சிடியில் 70 நிமிடத்துக்கு மேல் இடம் உண்டு. பழைய ஆல்பம் சிடிக்கு மாறும்போது மீதியாகும் அந்த அரை மணி நேரம்தான் விரிவாக்கப்பட்ட பதிப்புகளின் பிறப்பிடம். இடம் இருந்ததால் பெட்டகங்களைத் திறந்தார்கள். அங்கே டேப் இருந்தால் புதையல். இல்லையென்றால் வெறும் நிரப்பல்.

2003 வாக்கில் ரைனோ நிறுவனத்தின் 'ஹேண்ட்மேட்' பிரிவு ஜூடி சில்லின் இரண்டு ஆல்பங்களையும் குறைந்த எண்ணிக்கையில், கூடுதல் பதிவுகளோடு வெளியிட்டது. 2006-ல் இரண்டும் சேர்ந்து 'அப்ரகடாப்ரா' என்ற இரட்டைத் தொகுப்பாக வந்தன. இடையில் 2005-ல், 1974-ல் பதிவாகி முடிக்கப்படாமல் கிடந்த மூன்றாவது ஆல்பத்தின் பாடல்கள் 'டிரீம்ஸ் கம் ட்ரூ' என்ற பெயரில் வெளிவந்தன. லண்டனில் பி.பி.சி.க்காக அவர் 1972-லும் 1973-லும் பாடியவை 2007-ல் சிடியாயின. ஐந்தாண்டுக்குள், இருபது பாடல்களாக இருந்த ஒரு வாழ்க்கை பல மடங்கு பெருகியது.

பெருகியது என்பது பெரிய செய்தி இல்லை. பெருகியதில் என்ன தெரிந்தது என்பதே செய்தி. முதல் ஆல்பத்தின் மறுவெளியீட்டில் 1971 அக்டோபரில் பாஸ்டன் மியூசிக் ஹாலில் அவர் தனியாகப் பாடிய பதிவு இருக்கிறது. அதில் 'தி விஜிலான்ட்டி' பாடுகிறார். அந்தப் பாட்டு ஆல்பத்தில் வெளிவந்தது 1973-ல். 'தி பேர்ல்', 'தி ஃபீனிக்ஸ்' ஆகிய இரண்டும் முதல் ஆல்பத்துக்காகவே பதிவாகி ஒதுக்கப்பட்டவை. அவையும் 1973 ஆல்பத்தில்தான், வேறு வடிவில் வருகின்றன. அதாவது, முதல் ஆல்பம் வெளிவந்தபோதே கையில் தயாராக இருந்த பாடல்களை அவர் அவசரப்பட்டு இறக்கவில்லை. வைத்திருந்தார், மறுபடி எடுத்தார், மறுபடி செய்தார். இரண்டாவது ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களுக்குத் தனியாகப் பாடிய டெமோக்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றை ஆல்பத்தோடு ஒப்பிட்டால் மெட்டின் போக்கும் அடிகளின் ஒழுங்கும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. மாறியது உடைதான், உடல் மாறவில்லை.

போதையில் பொங்கிய உணர்ச்சியை அப்படியே கொட்டிவிட்டுப் போன மேதை என்ற கதை இங்கேதான் உடைகிறது. கொட்டுகிறவருக்கு வரைவு இருக்காது. இவருக்கு வரைவு இருந்தது, திருத்தம் இருந்தது, காத்திருப்பு இருந்தது. ஆல்பம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இதை நிறுவ முடியாது. ஆல்பம் முடிந்த வேலை. அதில் உழைப்பின் தடம் தெரியக் கூடாது என்பதற்காகவே உழைக்கிறார்கள். அழித்த தடத்தைத் திருப்பிக் காட்டுவது டெமோ மட்டும்தான். வாழ்க்கை வரலாறு பாடலை விழுங்கிவிட்ட ஒரு கலைஞருக்கு, அந்த வரலாற்றுக்கு எதிராகக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல இந்த டேப்புகளை விட்டால் வேறு ஆள் இல்லை.

மறுப்புகள்

முதல் மறுப்பு: இது வணிகம். ஒருமுறை விற்றதையே இரண்டு பாட்டு கூட்டி மறுபடி விற்கிறார்கள். புகழ்பெற்ற குழுக்களின் ஆல்பங்களைப் பத்தாண்டுக்கொரு முறை பெரிய பெட்டியில் அடைத்து விற்பதைப் பார்க்கும்போது இந்தக் கோபம் நியாயம். ஆனால் ஜூடி சில்லின் ரெக்கார்டுகளை எழுபதுகளில் வாங்கியவர்களே சொற்பம். அடுத்து வந்த தலைமுறையினருக்கு அவை கடையில் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோருக்கு இந்த சிடிதான் முதல் விற்பனை. ஒரே வீட்டை இருவருக்கு விற்பது வேறு, இடிந்து கிடந்த வீட்டைச் சீர்செய்து திறந்துவிடுவது வேறு. வணிகம் நடந்ததா என்று கேட்டால் எல்லா மறுவெளியீடும் குற்றவாளிதான். கேட்க வேண்டியது, அந்த வணிகத்தால் இல்லாத ஒன்று கைக்குக் கிடைத்ததா என்பதே.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. அவரே வெளியிடாததை நாம் ஏன் கேட்க வேண்டும்? ஒதுக்கியது அவர் முடிவு. இறந்தவரால் மறுப்புச் சொல்ல முடியாது. இதற்கு விடை, கூடுதல் பதிவை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. நம் பதிப்பு மரபில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்து மூலத்தை நிறுவினார்கள், வேறு ஏடுகளில் கண்ட பாடபேதங்களைத் தூக்கி எறியவில்லை, மூலத்துக்குள் கலக்கவும் இல்லை, அடிக்குறிப்பில் வைத்தார்கள். ஏடெழுதியவரின் கைப்பிழையும் பாடகியின் சொந்த வரைவும் ஒன்றாகாது என்பது உண்மை. ஆனால் ஒழுங்கு ஒன்றேதான்: மூலம் மேலே, பேதம் கீழே. அவர் ஒப்புக்கொடுத்த பாடல்கள் அவர் அமைத்த வரிசையில் முதலில் ஒலிக்க வேண்டும். டெமோ அதற்குப் பின்னால், டெமோ என்ற பெயரோடு, ஆண்டும் இடமும் குறித்து வர வேண்டும். இப்படி வைத்தால் அவர் முடிவை யாரும் மீறவில்லை. அந்த முடிவு எவ்வளவு யோசித்து எடுக்கப்பட்டது என்பதைத்தான் காட்டுகிறோம்.

இதே அளவுகோலால் அளந்தால் 'டிரீம்ஸ் கம் ட்ரூ' விஷயத்தில் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. அதன் பாடல்களை முப்பது ஆண்டு கழித்து மிக்ஸ் செய்தவர் ஜிம் ஓ'ரூர்க். ஜூடியை மதித்த, தேர்ந்த இசைக்கலைஞர். ஆனால் எந்தக் குரல் முன்னால் வர வேண்டும், எது பின்னால் ஒதுங்க வேண்டும் என்பதை முடிவு செய்தது அவர் காது, ஜூடியின் காது இல்லை. தான் எழுதியதைத் தானே நடத்திய ஒருவருக்கு இது சின்ன வித்தியாசமாகாது. ஆகவே அதை ஜூடி சில்லின் மூன்றாவது ஆல்பம் என்று முதல் இரண்டுக்கும் சமமாக எண்ணுவது சரியில்லை. அவர் 1974-ல் எந்தத் திசையில் நடந்துகொண்டிருந்தார் என்பதற்கான சான்றாக அதைக் கேட்கலாம். அந்த அளவில் அது விலைமதிப்பற்றது.

மூன்றாவது மறுப்பு: அன்று விற்காததற்குக் காரணம் அது அவ்வளவு நன்றாக இல்லை என்பதாக ஏன் இருக்கக் கூடாது? அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை என்று சொல்லவும் முடியாது. பெரிய நிறுவனத்தின் முதல் வெளியீடு, பாடகர்கள் கிராஸ்பி, நாஷ் இருவரின் சுற்றுப்பயணத்தில் முதலில் பாடும் இடம், பி.பி.சி. மேடை எல்லாம் கிடைத்தன. கவனிக்கப்படாத மேதை என்ற சொல்லை அதனால் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் அந்தப் பாடல்கள் அன்றைய வானொலியில் எந்த அலமாரியில் உட்கார்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிறிஸ்துவைப் பற்றிப் பாடினாலும் ஆலயப் பாட்டு இல்லை. 'என்சான்டட் ஸ்கை மெஷின்ஸ்' பாடலில் வானிலிருந்து வரும் விண்கலங்கள் மீட்பர்களாக வருகின்றன. கன்ட்ரி நடை இருந்தும் கன்ட்ரி வானொலிக்கு ஒத்துவராத பரோக் பின்னல். காதலைப் பற்றிய பாட்டுத்தான், ஆனால் காதலன் யார், கடவுள் யார் என்று பிரிக்க முடியாது. சந்தை அலமாரிக்கு ஏற்ற பொருளைத் தேடுகிறது. அலமாரியில் அடங்காததற்கு அது கொடுக்கும் தீர்ப்பு தரத்தைப் பற்றியது ஆகாது. ஷான் கோல்வின், ஃப்ளீட் ஃபாக்ஸஸ் என்று பின்னால் வந்தவர்கள் அவர் பாடல்களை எடுத்துப் பாடியபோது, எடுத்தது அவர் சோகக் கதையை அல்ல, மெட்டை.

நான்காவதாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுவெளியீட்டுக்காரர்களும் அந்தச் சோகக் கதையைத்தான் விற்றார்கள். உறைக்குள் வரும் சிறு புத்தகம், பத்திரிகை விமர்சனம், பின்னாளில் வந்த 'லாஸ்ட் ஏஞ்சல்' ஆவணப்படம் எல்லாவற்றிலும் கொள்ளையும் ஹெராயினும் தவறாமல் இடம்பெறுகின்றன. இதைத் தவிர்க்கவும் முடியாது. அது நடந்த வாழ்க்கை. வித்தியாசம் என்னவென்றால், 2003-க்கு முன்பு கதை மட்டும்தான் கைக்கெட்டியது. இப்போது கதைக்கு அருகிலேயே பியானோ முன் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணின் ஒலியும் இருக்கிறது. எது உண்மை என்று கேட்பவரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

எப்படிக் கேட்பது

இன்று சிடி வாங்குவோர் குறைந்துவிட்டார்கள். இந்த ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங் தளங்களில் போனிலேயே கிடைக்கின்றன. அங்கே ஒரு புதுச் சிக்கல். 'தி டோனர்' முடிந்ததும் ஒரு நொடி இடைவெளியில் டெமோக்கள் தொடங்கிவிடும். எட்டு நிமிட மன்றாட்டுக்குப் பிறகு வேண்டிய மௌனம் நமக்குக் கிடைப்பதில்லை. யார் வாசித்தது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று சொல்லும் சிறு புத்தகமும் கூட வருவதில்லை. மூலமும் பேதமும் ஒரே நீரோட்டமாகக் கலந்துவிடுகின்றன. நல்ல பதிப்பாசிரியர் போட்ட கோட்டைத் தொழில்நுட்பம் அழித்துவிட்டது. அந்தக் கோட்டை இனி கேட்பவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே முதலில் அந்த இருபது பாடல்களையும், பதினொன்று, ஒன்பது என்று அவர் அமைத்த வரிசையிலேயே கேளுங்கள். 'தி டோனர்' முடிந்ததும் நிறுத்துங்கள். அன்றைக்கு அது போதும். இன்னொரு நாள் 'தி கிஸ்' டெமோவைப் போடுங்கள். அதில் பியானோ முன் தனியாக உட்கார்ந்திருப்பவர், இன்னும் யாரும் வாசித்திராத வயலின்களுக்கு இடம் விட்டுவிட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்.